அசதி போற தூரம்

எங்கம்மா அடிச்ச மொதப் பந்து பல்லடம் பஸ் ஸ்டாண்டுல, காங்கேயம் வண்டிக்காக முக்கா மணி நேரம் நின்னு கால் கடுத்துப்போயி அப்பத்தான் உக்காந்த ஒரு டீச்சரம்மா மடியில வந்து விழுந்துச்சு. விழுந்துச்சுன்னு சொல்றது தப்பு, உக்காந்துச்சுன்னு சொல்லணும். பூனை வந்து உக்கார்ற மாதிரி, சத்தமில்லாம, லேசான சூட்டோட. அந்தம்மா பந்தைத் திருப்பிப் பாத்தாங்க. செவப்புக் கோடும் எங்கூரு கிளப்போட போன் நம்பரும் அதுல இருந்துச்சு. உடனே கூப்பிட்டு, "உங்க பந்து ஒண்ணு இங்க இருக்குங்க, பஸ்ஸுல குடுத்து வுடட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. கிளப்பு ஆபீசுல போனை எடுத்தவரு, "எந்த வண்டிங்க?"ன்னு மட்டும் கேட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டாரு. எங்க பக்கத்துல யாரும் அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் ஒருத்திதான் கேப்பேன். நான் பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாம் வருசம், பேரு மோகனப்பிரியா, வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்கே தெரியும்.

கோயமுத்தூருக்கு மேக்க, வாளையார் போற ரோட்டுல, எங்க ஊரு பூளக்காட்டை ஒட்டித்தான் அந்த கோல்ஃப் கிளப்பு. அதுல ஆடற மைதானம் ஒண்ணு, நின்ன எடத்துல நின்னு அடிச்சுப் பழகற மைதானம் ஒண்ணு. பழகற மைதானம் கிழக்க பாத்தது. அம்பது கெஜத்துக்கு ஒரு போர்டு, முன்னூறு கெஜத்துல கடைசி போர்டு, அப்புறம் சுவரு, சுவத்துக்கு அந்தாண்ட எங்க வீடுங்க. சேலைக்கு அளக்கற அதே கெஜந்தான், ஆனா இவங்க வாயில வர்றப்ப வெலை ஒசந்தது மாதிரி இருக்கும். பெரிய மனுசங்க வந்து பந்து பந்தா அடிப்பாங்க. எங்கம்மா துளசிமணி தலையில ஹெல்மெட்டும் கையில பக்கெட்டுமா போயி, ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பொறுக்கி, சோப்புத் தண்ணியில அலசி, கூடையில போட்டு அவங்க காலடியில கொண்டாந்து வெக்கும். அவங்க மறுபடி அடிப்பாங்க, அம்மா மறுபடி போகும், அவங்க மறுபடி அடிப்பாங்க, அம்மா மறுபடி குனியும். ஒம்போது வருசம். ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் ஜாஸ்திங்கறதால ஞாயித்துக்கிழமையும். காலையில அஞ்சரைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல சோறு, தண்ணி, ரெண்டு மணிக்கு வந்ததும் பாதி ஊருக்கு இட்லி மாவு ஆட்டற வேலை, அப்பா திருப்பூர்ல இருக்காருன்னு சொல்லிக்குவோம், நடுவுல நானு. நானும் ஒரு வேலைதான், அது எனக்கு அப்பத் தெரியாது.

கிளப்புல ஆட்டம் சொல்லிக் குடுக்கறவரு பெஞ்சமின் மாஸ்டர். நல்ல மனுசன், ஆனா அவருக்கு ஒலகத்துல ஒரே ஒரு வேதந்தான் தெரியும், அதை போர்டாவே எழுதி மாட்டி வெச்சிருந்தாரு: வீச்சுல ஒரு மைல் வேகம் கூடுனா, தூரத்துல ரெண்டரை கெஜம் கூடும். மணிக்கு நூறு மைல் வேகத்துல மட்டையை வீசுனா எரநூத்தம்பது கெஜம், எம்பதுல வீசுனா எரநூறு. வேகத்தைப் பாக்கறதுக்கு ஆரஞ்சு கலர்ல ஒரு பெட்டி மெஷின் இருந்துச்சு. கிளப்புத் தலைவரு வரதராஜுலு எம்பத்தி நாலு மைலுக்கு மேல ஒரு நாளும் போனதில்ல, அதனால ஒம்போது வருசமா அவரு பந்தெல்லாம் எரநூத்திப் பத்தாவது கெஜத்துலதான் கெடக்கும். புது மட்டை வாங்குனாரு, யோகா பண்ணாரு, முட்டையில வெள்ளையை மட்டும் தின்னாரு. அம்மா தெனமும் அதே எடத்துல போயி அதே மாதிரி குனிஞ்சு எடுத்துட்டு வந்துச்சு.

மொதப் பந்தை அம்மா அடிச்ச அன்னிக்கு நான் டிபன் பாக்ஸ் குடுக்கப் போயிருந்தேன். மெஷினு ரிப்பேராகித் திரும்பி வந்திருந்துச்சு, மாஸ்டரு அதை வெச்சுக்கிட்டு மண்டையைச் சொறிஞ்சுட்டு நின்னாரு.

"துளசிமணியக்கா, இங்க வாங்க. இது கம்மி வேகத்தைக் காட்டுதான்னு பாக்கணும். எனக்கு மெதுவா வீசவே வரமாட்டேங்குது. நீங்க சும்மா ஒரு வீசு வீசுங்க."

"பக்கெட்டு நெறஞ்சிருக்குங்க மாஸ்டர்."

"பக்கெட்டோடயே வீசுங்க, என்ன இப்ப."

அம்மா பக்கெட்டைக் கீழ வெக்கல. வெச்சா மறுபடி குனிஞ்சு தூக்கணுமே. எடது கையில பக்கெட்டு, வலது கையில மட்டை, வெளக்கமாறு புடிக்கற மாதிரி புடிச்சு, வாசல்ல தேங்குன தண்ணியைத் தள்ளி விடற மாதிரி ஒரு தள்ளு. மெஷின்ல ஒம்போது மைலுன்னு காட்டுச்சு. மாஸ்டரோட வேதப்படி பந்து இருவத்திரெண்டு கெஜம் போயிருக்கணும். அது எந்திரிச்சுச்சு, அவசரமே இல்லாம எந்திரிச்சு, நூறு போர்டைத் தாண்டி, முன்னூறு போர்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, எங்க வீட்டுக் கொடியில காயற என் சுடிதாரைத் தாண்டி, கோயமுத்தூர் பக்கம் போயிருச்சு. "காட்டுதுங்க மாஸ்டர், ஒம்போதுன்னு காட்டுது"ன்னு சொல்லிட்டு, அம்மா சோப்புத் தொட்டிக்குப் போயிருச்சு.

பல்லடத்துல இருந்து போன் வந்ததும், "மாஸ்டர், மெஷின் தப்பு"ன்னேன் நானு.

"மெஷின் சரிதாம்மா. ஒம்போது கரெக்டுதான், நான் பாத்தேன்ல."

"அப்ப பந்து தப்பா?"

"பந்து பல்லடத்துல இருக்காம். அங்க போயிக் கேளு."

நான் விடல. எப்பவுமே விட்டதில்ல. அடுத்த ரெண்டு வாரம் நோட்டுப் போட்டு எழுதுனேன், அம்மா எப்ப எந்திரிச்சுச்சு, எவ்வளவு நேரம் நின்னுச்சு, எத்தனை மைல் வேகத்துல வீசுச்சு, பந்து எங்க போச்சுன்னு. கரண்டு போயி மாவாட்ட முடியாம சீக்கிரம் படுத்த அடுத்த நாளு பந்து சூலூரோட நின்னுருச்சு. ரேஷன் கடையில மூணு மணி நேரம் நின்னதுக்கு அடுத்த நாளு காங்கேயம். எனக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்ததுக்கு அப்புறம் கரூரு, வேகம் வெறும் நாலு மைலு. வேகம் கொறையக் கொறையத் தூரம் கூடுச்சு. மூணு நூத்தாண்டு பிசிக்ஸு எங்கம்மா பக்கெட்டுல கெடந்துச்சு. எனக்கு வந்த கோவத்துல மட்டையைப் புடுங்கி நானே வீசுனேன். மொத ரெண்டு தடவை காத்துலதான் வீசுனேன், மூணாவது பட்டுச்சு. அறுபத்திரெண்டு மைலு, நூத்தம்பத்தஞ்சு கெஜம். கோவத்துக்கு ஃபார்முலா அப்படியே கரெக்டா வேலை செஞ்சுச்சு.

அம்மாதான் போயி அந்தப் பந்தையும் பொறுக்கிட்டு வந்துச்சு.

ஊரு இதை எடுத்துக்கிட்டது ரொம்பச் சாதாரணமா. கெஜத்துல யாரும் பேசல, பஸ்ஸு நிக்கற ஊருலதான் பேசுனாங்க. "இன்னிக்கு துளசிமணி எந்தூரு?"ன்னு கேப்பாங்க, "வெள்ளகோயிலாமா", "அடப்பாவமே, என்ன வேலையாமா அப்படி?"ன்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. பந்து எப்பவும் நின்னு நின்னு கால் கடுத்தவங்க மடியிலதான் போயி உக்காரும், அவங்க அதைக் கண்டக்டர்கிட்டக் குடுப்பாங்க, கண்டக்டருங்க எங்க ஸ்டாப்புல வண்டி நிக்காமயே ஜன்னல் வழியா நீட்டுவாங்க. ஒடைஞ்ச மட்டை ஒண்ணும் கொஞ்சம் பழைய பந்தும் மாஸ்டரு எங்களுக்குக் குடுத்தாரு, அந்தப் பந்துல எல்லாம் நான் என் போன் நம்பரை எழுதுனேன். மட்டையைத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல சாத்தி வெச்சோம். சாயங்காலமானா பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து, கொடத்தை எறக்கி வெச்சுட்டு, ஒரு தள்ளு தள்ளிட்டு, கொடத்தைத் தூக்கிட்டுப் போனாங்க.

சண்டை வராம இருக்குமா. எங்க பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்காவோட மாமியாரு, முப்பது வருசமா ஒடம்பு முடியலன்னு கட்டில்ல படுத்துக்கிட்டே குடும்பத்தை நடத்துனவங்க, ஆசைப்பட்டு வந்து ஒரு தட்டு தட்டுனாங்க; பந்து உருண்டு பைப்படியில நின்னுருச்சு. "எதுக்காத்து"ன்னாங்க. "காத்து உங்களுக்கு மட்டும் எதுக்க அடிக்குதுங்களா அத்தை"ன்னு பாக்கியத்தக்கா ரொம்ப மரியாதையாக் கேட்டாங்க. லாரி ஓட்டற கதிர்வேலண்ணன் ஒரு நாளு, "எம் பொண்டாட்டி வீட்டுல சும்மாதான இருக்கறா, அவ பந்து தொட்டியைத் தாண்டட்டும் பாக்கலாம்"ன்னாரு. நாசிக் போயிட்டு வந்திருந்த அவரோட பந்து சூலூரு போச்சு, நாங்க கை தட்டுனோம். அடுத்து அவரு பொண்டாட்டி அம்சவேணியக்கா, கைப்புள்ளையை இடுப்புல மாத்தி வெச்சுக்கிட்டு, புறங்கையால தள்ளுற மாதிரி ஒரு தள்ளு. சாயங்காலத்துக்குள்ள வெள்ளகோயில்ல இருந்து போன் வந்துருச்சு. மூணு நாளு கதிர்வேலண்ணனே பாத்திரம் கழுவுனாரு, நாலாவது நாளு லோடு வந்துருச்சுன்னு கெளம்பிட்டாரு.

கிளப்புக்காரங்க எடுத்துக்கிட்ட விதம் வேற. அவங்களுக்கு அசதி வேணும், அதையும் சீக்கிரமா வேணும். வரதராஜுலு தலைமையில ஒரு எட்டுப் பேரு காலையில மைதானத்தைச் சுத்தி ஓடுனாங்க, மணல் மூட்டை தூக்குனாங்க, ஒரு நாளு எங்க ரேஷன் கடை வரிசையில கூட வந்து நின்னாங்க, ஆனா மடக்கு நாற்காலியோட. வேர்த்து ஊத்திப் போயி, மூச்சு வாங்கிக்கிட்டு, மெதுவா வீசுனா பந்து மெதுவாப் போயி இருவது கெஜத்துல நின்னுச்சு.

வரதராஜுலு அம்மாவையே கூப்பிட்டுக் கேட்டாரு. "ஏம்மா துளசிமணி, நானும் ஒன்ன மாதிரிதான டயர்டா இருக்கறேன்?"

"அது களைப்புங்க. எளனி குடிச்சா போயிரும்."

"ஒனக்கு இருக்கறது?"

யோசிக்கறதும் ஒரு வேலைங்கற மாதிரி அம்மா யோசிச்சுச்சு. "இது அசதிங்க. தூங்கி எந்திரிச்சாலும் எனக்கு முன்னாடி எந்திரிச்சு அடுப்புக்கிட்ட நிக்கும்ங்க."

அவரு அதைப் புரிஞ்சுக்கிட்டாரான்னு தெரியல, ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கிட்டாரு. மூணு கிளப்புங்க சேந்து வருசா வருசம் தூரமா அடிக்கற போட்டி ஒண்ணு நடத்துவாங்க, எங்க கிளப்பு ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. இந்தத் தடவை துளசிமணி அடிக்கட்டும்னாரு. அம்மா ஒம்போது வருசமாக் கேட்டுக்கிட்டிருந்தது ஒண்ணே ஒண்ணுதான், ஞாயித்துக்கிழமை லீவு.

"ஜெயிச்சுக் குடு, ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்"ன்னாரு.

"வாரத்துல ஒரு நாள் லீவுங்கறது சட்டம் சார். பரிசு கெடையாது"ன்னேன் நானு.

"இது யாரு?"

"எம் பொண்ணுங்க. காலேஜு படிக்கறா. நீ சும்மா இரு கண்ணு."

"நீ எதுக்கும்மா கையைக் கட்டிட்டு நிக்கற?"ன்னு அம்மாவைக் கேட்டேன்.

"கை வலிக்குது, அதான் கட்டிட்டு நிக்கறேன். வா போலாம்."

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கறப்ப அம்மாவுக்கு கிளப்புல வேலையை ஏத்துனாங்க. பந்து பொறுக்கறதோட தண்ணி வண்டி தள்ளறது, சமையக்கட்டுப் பாத்திரம், வேலைக்காரங்க உக்கார்ற பெஞ்சை பெயிண்ட் அடிக்கறோம்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அம்மா தெம்பா வந்துருமோன்னு அவங்களுக்குப் பயம். இதையெல்லாம் நான் ஊருக்கே கேக்கற மாதிரி திட்டுனேன், அயோக்கியத்தனம்னேன், சொரண்டல்னேன். ஆனா இதையும் நான் சொல்லித்தான் ஆகணும். அந்த வாரம் புதன்கிழமை அம்மா வந்து, "இந்த மாவை மட்டும் ஆட்டிர்றியா கண்ணு, மேலெல்லாம் அசந்து வருது"ன்னு கேட்டுச்சு. படிக்கணும்னு சொன்னேன். பரீட்சை எதுவும் இல்ல. அம்மா ஜெயிக்கணும், ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை கெடைக்கும், கெடைக்கணும்னா அசதி கொறையக் கூடாது, கணக்கு சரியாத்தான வருதுன்னு நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கிரைண்டர் ஓடற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. வரதராஜுலு பெஞ்சை எடுத்தாரு, நான் கையை எடுத்துக்கிட்டேன். அவரு போட்ட அதே கணக்குத்தான் நானும் போட்டேன்.

போட்டி சனிக்கிழமை காலையில. மத்த கிளப்புல இருந்து ஒரு பையன் வந்திருந்தான், தோளு ரெண்டும் வாசக்காலு அகலம், மட்டை வீசறப்ப விசிலடிக்கற சத்தம் வரும். நூத்திப் பதினஞ்சு மைலு, எரநூத்தி எம்பத்தேழு கெஜம். கை தட்டல் அடங்குனதும் அம்மா வந்துச்சு. கிளப்புப் பேரு போட்ட தொப்பி ஒண்ணை யாரோ தலையில வெச்சு விட்டிருந்தாங்க. பக்கெட்டு இல்லாததால எடது கைய என்ன பண்றதுன்னு தெரியாம சேலையைப் புடிச்சுக்கிச்சு. மட்டையைத் தூக்குனது ஒரு நேரம், எறக்குனது ஒரு நேரம், நடுவுல ஒரு தடவை நின்னு கொட்டாவி விட்டுச்சு. மெஷின்ல ஒரு மைலுகூட வரல, கோடு மட்டும் வந்துச்சு. பந்து எந்திரிச்சுப் போச்சு.

எல்லாரும் போனுக்கு முன்னாடி உக்காந்தாங்க. பல்லடத்துல இருந்து கூப்பிட்டு, மேல போயிருச்சுங்கன்னாங்க. கரூர்ல இருந்து கூப்பிட்டு, கொக்கு மாதிரி போகுதுங்கன்னாங்க. திருச்சியில ஒருத்தரு, தஞ்சாவூர்ல ஒருத்தரு, மத்தியானத்துக்கு மேல நாகப்பட்டணத்துல இருந்து ஒரு மீன்புடிக்கறவரு, "கடலுக்கு மேல போயிருச்சுங்க, நாங்க கூப்பிட்டுப் பாத்தோம், திரும்பல"ன்னாரு. அப்புறம் போனே வரல. போட்டி நடத்துன நடுவரு நல்லா இஸ்திரி போட்ட மனுசன், கையில ஒரு விதிப் புஸ்தகம். பந்து விழுந்து நின்னாத்தான் அடி கணக்குல வரும், விழாத பந்துக்குத் தூரம் கெடையாதுன்னுட்டாரு.

"அப்ப எப்பங்க முடியும்?"ன்னு அம்மா கேட்டுச்சு.

"பந்து நின்னதும்."

"அது எப்ப நிக்கறதுங்க. நான் அதுக்குள்ள சித்த நேரம் படுத்துக்கறேன்"ன்னு சொல்லிட்டு, அடிச்ச எடத்துலயே, பச்சைப் புல்லுல, தொப்பியை மடிச்சுத் தலைக்கு வெச்சுக்கிட்டு, ஒருக்களிச்சுப் படுத்துச்சு.

அவ்வளவுதான். அப்புறம் எழுப்ப முடியல. மாஸ்டரு கூப்பிட்டாரு, நடுவரு விசிலடிச்சாரு, வரதராஜுலு நேரா வந்து நின்னு, "துளசிமணி, இது மெம்பருங்க எடம்"ன்னாரு. அம்மா மூச்சு விடறது மட்டும் கேட்டுச்சு, தூரத்துல ரயிலு போற மாதிரி நிதானமா. தண்ணி தெளிக்கற பைப்பை யாரோ நிறுத்துனாங்க. சுவத்துக்கு அந்தாண்ட இருந்து பாக்கியத்தக்கா, அம்சவேணியக்கா, எங்க பொம்பளைங்க எல்லாம் கேட்டைத் தாண்டி மொதத் தடவையா உள்ள வந்து, சுத்தி உக்காந்தாங்க. "எழுப்பிப் பாருங்க"ன்னு பாக்கியத்தக்கா சொன்ன விதத்துல வரதராஜுலு ரெண்டு அடி பின்னாடி போனாரு. சனிக்கிழமை போச்சு, ராத்திரி போச்சு, ஞாயித்துக்கிழமை காலையில ஆட வந்தவங்க எங்கம்மாவுக்குப் பத்து அடி தள்ளி நின்னு, சத்தம் வராம மெதுவா அடிச்சாங்க. பொறுக்கறதுக்கு ஆளில்ல. பந்தெல்லாம் கெடந்த எடத்துல கெடந்துச்சு, மைதானமே வெள்ளைப் பூசணம் பூத்த மாதிரி.

நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அம்மா தூங்கி நான் பகல் வெளிச்சத்துல பாத்ததே இல்ல. வாய் லேசாத் தொறந்திருந்துச்சு, முப்பது வயசுப் பொம்பளை மாதிரி இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கதிர்வேலண்ணன் கூப்பிட்டாரு. "மோகனா, நான் லோடோட வாளையார்ல நிக்கறேன். நம்ம பந்து ஒண்ணு மேக்க இருந்து வருது. பாலக்காட்டுப் பக்கமிருந்து. உங்கம்மாளோடதான்னு பாரு." நாங்க எல்லாரும் ஒண்ணரை நாளாக் கிழக்கயே பாத்துட்டு உக்காந்திருந்தோம். திரும்பிப் பாத்தா, மலைக்கு நடுவுல இருக்கற அந்தக் கணவாய் வழியா, அதே அவசரமில்லாத வேகத்துல, வெளியூர் போயிட்டு வர்ற ஆளு மாதிரி பந்து வந்துச்சு. அம்மா தலைமாட்டுல, பந்தை எந்தக் குச்சி மேல நிறுத்தி வெச்சு அடிச்சுச்சோ அதே குச்சி மேல, வந்து உக்காந்துச்சு. தொட்டுப் பாத்தேன். ஒரு பக்கம் உப்புப் படிஞ்சிருந்துச்சு, ஒரு பக்கம் இன்னும் ஜில்லுன்னு இருந்துச்சு, செவப்புக் கோடு வெயில்ல வெளுத்துப் போயிருந்துச்சு.

நடுவரு டேப்பை எடுத்துட்டு வந்தாரு. ஒரு முனையைக் குச்சியில வெச்சாரு, இன்னொரு முனையைப் பந்துல வெச்சாரு. ரெண்டும் ஒரே எடம்.

"சைபர் கெஜம்"ன்னாரு.

நான் எந்திரிச்சுட்டேன். "சார், அது ஒலகத்தைச் சுத்திட்டு வந்திருக்கு."

"இருக்கலாம்மா. கெளம்புன எடத்துக்கும் நின்ன எடத்துக்கும் நேர்கோடு. அதான் விதி."

"ஒம்போதாங்கிளாஸ் பாடம் சார் இது. தூரம் வேற, இடப்பெயர்ச்சி வேற. ஒருத்தன் வீட்டுல கெளம்பி ஊரெல்லாம் நடந்து வீட்டுக்கே வந்தா, இடப்பெயர்ச்சிதான் சைபர். தூரம் அவன் நடந்த அத்தனையும்."

"நாங்க அளக்கறது இதைத்தாம்மா."

"அப்பப் போட்டிக்கு இடப்பெயர்ச்சிப் போட்டின்னு பேர் வெச்சிருக்கணும். தூரம்னு ஏன் போர்டு மாட்டுனீங்க? எங்கம்மா ஒம்போது வருசமா இங்கிருந்து அந்தச் சுவரு வரைக்கும் போயி, குனிஞ்சு, திரும்பி இங்கயே வருது. தெனமும் இருவது தடவை. உங்க டேப்பை வெச்சா அதுவும் சைபர்தான். அது நடக்கவே இல்லைன்னு சொல்லுவீங்களா?"

நடுவரு டேப்பைச் சுருட்டுனாரு. எனக்கு மேல பேச வார்த்தை இருந்துச்சு, எப்பவும் இருக்கும், ஆனா அதோட நிறுத்திட்டேன். அந்தச் சைபர்ல நான் போட்டதும் ஒரு பங்கு இருக்குன்னு கிரைண்டர் சத்தம் காதுல கேட்டுச்சு.

அப்பத்தான் அம்மா எந்திரிச்சுச்சு. நாங்க போட்ட சத்தத்துல எந்திரிக்கல, தூக்கம் தீந்து எந்திரிச்சுச்சு. கண்ணைக் கசக்கிட்டு, சோம்பல் முறிச்சு, சேலையைச் சரி பண்ணிக்கிட்டுச் சுத்திலும் பாத்துச்சு.

"என்ன கண்ணு, விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சும்மா. சைபராமா. தோத்துட்ட."

"அப்படியா." அம்மா மட்டையை எடுத்துச்சு. கையில எடை போட்டுப் பாத்துச்சு. காலை அகட்டி நின்னு, பெரிய மனுசங்க நிக்கற மாதிரியே நின்னு, அந்த ஊர் சுத்துன பந்தை ஓங்கி ஒரு அடி. மெஷினு பட்டுனு காட்டுச்சு: நாப்பது மைலு. பந்து குதிச்சு ஓடி நூறாவது கெஜம் போர்டுல போயி நின்னுருச்சு. பெஞ்சமின் மாஸ்டரு மொகத்துல ரெண்டு மாசத்துக்கப்புறம் நிம்மதி வந்துச்சு, அவரு வேதம் அவருக்குத் திரும்பக் கெடைச்சிருச்சு. அம்மா சிரிச்சுச்சு. "இவ்வளவுதான் போகுமா"ன்னு கேட்டுச்சு, தாங்க முடியாத சந்தோசத்தோட.

வரதராஜுலுவுக்கு அந்த நூறு கெஜத்தைப் பாத்ததும் எங்கம்மா மேல இருந்த ஆசையெல்லாம் போயிருச்சு. "சரி சரி, மைதானம் பூராப் பந்து கெடக்குது, போயிப் பொறுக்கு"ன்னாரு.

"நாளைக்கு வந்து பொறுக்கறேன்ங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர மாட்டேன்ங்க."

"நீ ஜெயிக்கலயே."

"நான் கேக்கலீங்க. சொல்றேன்."

மட்டையை அவரு கையிலயே குடுத்துட்டு, தொப்பியைத் தட்டி மாஸ்டர்கிட்டக் குடுத்துட்டு, பொம்பளைங்க கூட வெளிய போச்சு. திங்கக்கிழமை வேலை இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சு பொறுக்கற ஆளு அவங்களுக்கு வேற யாரும் கெடைக்கல, அது வரதராஜுலுவுக்கு ஞாயித்துக்கிழமையே மைதானத்தைப் பாத்ததுல புரிஞ்சிருச்சு. பெஞ்சும் திரும்பி வந்துச்சு, பெயிண்ட் அடிக்காமயே.

அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மா பத்து மணி வரைக்கும் தூங்குச்சு. நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். தண்ணி புடிச்சேன், சோறாக்குனேன், துணி தொவைச்சேன், ரேஷனுக்குப் போயி நின்னேன், வந்து பாதி ஊருக்கு மாவாட்டுனேன், ஆட்டுனதைக் கொண்டுபோயி வீடு வீடாக் குடுத்தேன், குடுத்த எடத்துல எல்லாம் "உப்பு கம்மி"ன்னாங்க. ஒரு எடத்துலகூட எதுத்துப் பேசல. பேசறதுக்கு வாயைத் தொறக்கணுமேன்னு இருந்துச்சு. சாயங்காலம் காலிப் பாத்திரத்தை இடுப்புல வெச்சுக்கிட்டுத் தண்ணித் தொட்டிப் பக்கமா வர்றப்ப அந்த ஒடைஞ்ச மட்டை சாஞ்சிருந்துச்சு. பாத்திரத்தைக் கீழ வெக்கல. ஒத்தக் கையால எடுத்து, கீழ கெடந்த பந்தைச் சும்மா ஒரு தள்ளு தள்ளிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அம்மா வாசல்ல உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்துச்சு. போன் அடிச்சுச்சு. எடுத்தேன். சூலூர்ல பஸ்ஸுக்கு நின்னு நின்னு அப்பத்தான் உக்காந்த யாரோ ஒரு அண்ணன்.

"ஏம்மா, பந்து ஒண்ணு மடியில வந்து உக்காந்திருக்கு. துளசிமணியம்மாளோடதா?"

அம்மா டம்ளரை எறக்காம என்னையே பாத்துச்சு.

"இல்லீங்ணா"ன்னேன். "என்னோடதுங்க."